சட்டப்படி ஒரு சக்களத்தி

அக்கா,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை எங்கள் தெருமுனை இரும்புச் சாமான் கடையில் ஓர் எண்ணெய்ப் போத்தலின் மூடியைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு மணந்துகொண்டு நின்றேன். குசினி அலுமாரிக் கதவு கிறீச்சிடுகிறது, அதற்கு எண்ணெய் வாங்கத்தான் போனது. முதலில் எடுத்த போத்தல் மண்ணெண்ணெய் மாதிரி மணந்தது. அடுத்ததைத் திறந்தேன். உங்கள் பியர்பொன்ட்ஸ் வீட்டு பேஸ்மெண்ட் அப்படியே எழும்பி மூக்கில் ஏறிவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கடையில் வேலை செய்கிற பெட்டை வந்து, "மதாம், சுகமாக இருக்கிறீர்களா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் "வெறி குட், வெறி குட்" என்று சொல்லி, அவளுக்கு விளங்கட்டும் என்று இன்னொருதரம் நன்றாக இழுத்து மணந்து காட்டினேன். அவள் போத்தலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினாள், குடிகாரனிடமிருந்து கிளாஸை வாங்குகிற மாதிரி. எண்ணெய் வாங்காமல் வந்துவிட்டேன். கதவு இப்போதும் கிறீச்சிடுகிறது.

அது உங்கள் மனிசன், அத்தான், தன் துவக்கைத் துடைக்கிற எண்ணெய் அக்கா. அதே மணம்.

உங்களை முதலில் கண்டது பஸ்ஸில். நான் கர்க்லாண்டில் வீடுகள் துப்புரவாக்கப் போகிறவள். நீங்கள் ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வீட்டுக்குப் போகிற நேர்ஸ். பஸ் பிந்தி வந்தால் நான் சாரதியைத் திட்டிக்கொண்டுதான் ஏறுவேன். தமிழில், சிரித்த முகத்தோடு, வணக்கம் சொல்கிற மாதிரித் திட்டுவேன். அவரும் சிரித்துத் தலையாட்டுவார். ஒருநாள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "பிள்ளை, அவருக்கு விளங்காது. எனக்கு விளங்குது. கொஞ்சம் மெதுவாத் திட்டு." திரும்பிப் பார்த்தால் நீங்கள். நரைத்த கொண்டை, மருந்து மணம், கண் நிறைய நித்திரை, அதற்குள்ளே ஒரு சிரிப்பு. அன்றைக்கே உங்களுக்குப் பக்கத்தில் குந்தியவள்தான், பிறகு எழும்பவில்லை.

நீங்கள் மன்னார். நான் யாழ்ப்பாணத்துக் கரைப் பக்கம். நீங்கள் படித்து, எங்கள் ஆட்கள் யாரும் இங்கே இல்லாத காலத்திலேயே வந்து, கியூபெக் நாட்டுப்புறத்து வெள்ளைக்காரர் ஒருவரைக் கட்டியவர். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். அது என்னை அதற்கு முன்னமே விட்டிருந்தது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது மாதாவும் மீனும்தான். அதுவே போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட வரச் சொன்னீர்கள். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். கீழே பேஸ்மெண்டிலிருந்து ஒரு சத்தம். இரும்பு இரும்பில் சறுக்கி, 'டக்' என்று போய் நிற்கிற சத்தம். அதை என் காது மறந்திருக்கலாம், முதுகு மறக்கவில்லை. எனக்குச் சுயநினைவு வந்தபோது வெங்காயக் கத்தியோடு மேசைக்குக் கீழே இருந்தேன்.

நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "எடியே, அங்க என்னத்தைத் தேடுறாய்?"

"துவக்குச் சத்தம் அக்கா."

"ஓம், துவக்குத்தான்." உடுப்பு மெசின் ஓடுகிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னீர்கள். "பயப்பிடாத. அவள் என்ர சக்களத்தி. ஞாயிற்றுக்கிழமையில அவர் அவளைக் குளிப்பாட்டுறவர்."

கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனீர்கள். அத்தான் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மூக்குக் கண்ணாடியை நுனி மூக்கில் வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டிருந்தார். நான் எதிர்பார்த்தது ஊரில் கண்ட மாதிரி ஒன்றை. இது குழாய் திருத்த வந்தவன் மறந்து விட்டுப்போன சாமான் மாதிரி இருந்தது. உலக யுத்தத்தில் அவருடைய தகப்பன் தூக்கிய வகையாம். அதனால் இளந்தாரியாக இருந்தபோது தேடிப்பிடித்து வாங்கினாராம். ஒருதரம் அமத்தினால் கை எடுக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கிற சாதி. எழுபத்தெட்டாம் ஆண்டு பிறப்பதற்கு முன்னர் தன் பெயரில் பதிந்து வைத்திருந்தவர்கள் மட்டும் தொடர்ந்து வைத்திருக்கலாம், அதற்குப் பிறகு இந்த நாட்டில் சாதாரண ஆள் எவருக்கும் புதிதாகக் கிடையாது என்று அவர் சொல்ல, நீங்கள் தமிழில் சொன்னீர்கள். அவருக்கு அதில் எவ்வளவு பெருமை!

நான் மேசையிலிருந்து தள்ளி நின்று கேட்டேன். "அப்ப இவர் இதால சுடுறவரோ?"

"ஏலாது. சுடுற இடத்துக்கும் கொண்டுபோக விடமாட்டினம்."

"ஆருக்கும் காட்டக் கொண்டுபோனால்?"

"அனுமதி இல்லாமல் வாசல் தாண்டப்படாது."

"விக்கலாமோ?"

"இவரை மாதிரிப் பழைய பதிவில இருக்கிற ஆருக்கும் விக்கலாம். வேற ஆருக்கும் ஏலாது. பிள்ளைக்கு எழுதி வைக்கவும் ஏலாது. இவரோட சரி."

"அப்ப என்னத்துக்கு அக்கா இது?"

"முப்பது வருசமா நானும் அதைத்தான் கேக்கிறன்."

அத்தான் ஆவலாக உங்கள் முகத்தைப் பார்த்தார், இவள் என்ன சொல்கிறாள் என்று. நீங்கள் கொஞ்சமும் சிரிக்காமல் பிரெஞ்சில் ஏதோ சொன்னீர்கள். அவர் எழும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சொன்னீர்கள்: "வடிவான துவக்கு, ஒரு கோயில் மாதிரி இருக்கு எண்டு நீ சொன்னதாச் சொன்னன்." அன்றிலிருந்து அவருக்கு நான் உற்ற தோழி. நான் "அத்தான்" என்று கூப்பிட்டால், அது ஏதோ படைப்பிரிவில் பட்டம் கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்காருவார்.

சக்களத்திக்கு இருந்த மரியாதை எனக்குச் சொல்லி முடியாது. அவளுக்கென்று நிலத்தோடு பூட்டிய இரும்புப் பெட்டி. பெட்டிக்குள்ளேயும் அவளுடைய விசைக்கு ஒரு பூட்டு. அவளுக்கு லைசென்ஸ், அவளுக்குப் பதிவு, அவளால் வீட்டு இன்சூரன்ஸும் கூட. வாங்கிய காசு சின்னக் காசுதானாம். வைத்திருக்கிற காசுதான் பெரிய காசு. "அவளுக்குக் கட்டினதில எனக்கொரு புதுக் குசினி கட்டியிருக்கலாம்" என்பீர்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்த மேல் அறைக் கதை. அப்படிப்பட்ட துவக்கின் உள்ளே ஓடுகிற இரும்பைக் கழற்றி, வேறோர் அறையில் பூட்டி வைக்கவேண்டும் என்பது சட்டம். உங்கள் வீட்டில் பூட்டுப் போடக்கூடிய வேறு அறை எது? மாதா சுரூபம் வைத்திருந்த சின்ன அறைதான். அதனால் நீங்கள் செபம் சொல்லப் போகும்போதெல்லாம் கதவுக்கு முன்னால் நின்று கையை நீட்ட, அத்தான் பொக்கற்றுக்குள் இருந்து சாவியை எடுத்துத் தருவார். மாதாவைக் கும்பிட மனிசனிடம் சாவி கேட்கிற ஒரே பொம்பிளை, இந்தக் கண்டத்திலேயே நீங்களாகத்தான் இருப்பீர்கள். நான் எத்தனை தரம் நக்கலடித்திருப்பேன்! "அக்கா, மாதாவுக்குக் காவலுக்கு இரும்பு, இரும்புக்குக் காவலுக்கு மாதா." நீங்கள் அகப்பையால் எறிவீர்கள்.

ஆனால் உங்களுக்கும் ஒரு பிடி இருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் வந்தால் மனைவியும் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் அவர்களே மனைவியைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்பார்களாம். அந்த மாதம் முழுக்க அத்தான் கோப்பை கழுவுவார், குப்பை கட்டுவார், கருவாட்டுக் குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிடுவார். பேனையை எடுத்துவிட்டு, "யோசிக்கிறன்" என்று மூடி வைத்துவிடுவீர்கள். நான் பக்கத்திலிருந்து "யோசியுங்கோ அக்கா, யன்னலும் துடைக்க இருக்கு" என்று எடுத்துக் கொடுப்பேன்.

அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த ஒருநாள்தான் எனக்கு ஒன்று உறைத்தது. உங்களுக்கு அதை நான் அப்போது சொல்லவில்லை. எங்கள் ஊரில் துவக்கு வைத்திருந்தவன் கேள்வி கேட்டான், நாங்கள் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றோம். எந்தப் பக்கத்துத் துவக்கு என்றாலும் அதேதான். உங்கள் வீட்டில் துவக்கு வைத்திருந்தவரிடம் அரசாங்கமும் கேள்வி கேட்டது, மனிசியும் கேள்வி கேட்டாள். அவர் அட்டையை நீட்டிக்கொண்டு, கோப்பையும் கழுவினார். தலைகீழாக இருந்தது உலகம். அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

அத்தான் ஒரு மார்கழியில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். நெஞ்சு. அடக்கம் முடிந்த கையோடு நீங்களே போன் எடுத்து அரசாங்கத்துக்குச் சொன்னீர்கள், இப்படி ஒரு துவக்கு என் வீட்டில் இருக்கிறது என்று. செத்தவரின் சாமான்களைப் பொறுப்பெடுத்தவர் என்ற முறையில் கொஞ்சக் காலம் பூட்டி வைத்திருக்கலாம், அதற்குள் ஒரு வழி செய்யவேண்டும் என்றார்கள். பொலிஸைக் கூப்பிட்டால் சும்மா வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். நான் சொன்னேன், "நல்லதாப் போச்சு அக்கா, சக்களத்தி துலைஞ்சாள்." நீங்களும் "ஓம்" என்றீர்கள். ஆனால் பொலிஸைக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிடவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழைய பதிவுக்காரர் ஒருவர் வாங்க வந்தார். நல்ல மனிசன், கடதாசி எல்லாம் சரி. தன்னைப் போன்றவர்கள் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், வாங்க ஆளில்லை, அதனால் விலையும் விழுகிறது என்று ஒரு விலை சொன்னார். சொல்லிக்கொண்டே அத்தானின் கதிரையில் இருந்தார். உங்கள் முகம் மாறியதை நான் கண்டேன். கோப்பி கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டீர்கள். அவரும் கிழவர், அவர் போனால் அவருடைய மனிசி இன்னொரு கிழவரைத் தேடவேண்டும்.

அவர் போனபிறகு பேஸ்மெண்ட் படியில் இரண்டு பேரும் இருந்தோம்.

"பொலிஸுக்குக் குடுத்தால் என்ன செய்வினம் அக்கா?"

"நசுக்கிப் போடுவினமாம்."

"நசுக்கட்டுமன். உங்களுக்கு என்ன?"

நீங்கள் இரும்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். "முப்பது வருசமா அவளைத் திட்டினனான். இப்ப திட்டுறதுக்கு அவள் மட்டும்தான் மிச்சம்."

அதற்குப் பிறகு நான் நக்கலடிக்கவில்லை. ஒரு பத்து நிமிஷத்துக்கு.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. துவக்கைச் சாகடிப்பது. லைசென்ஸ் உள்ள துவக்குத் திருத்துகிறவரைப் பிடித்து, குழலை அடைத்து, உள்ளே ஓடுகிற இரும்பையும் அசையாமல் உருக்கி ஒட்டி, இனி ஒரு நாளும் சுடாது என்று அவர் எழுதிக்கொடுத்து, அரசாங்கம் அதை ஒப்புக்கொண்டால், பிறகு அது துவக்கே இல்லை. வெறும் இரும்பு. யாரும் வைத்திருக்கலாம், லைசென்ஸும் வேண்டாம். ஆனால் வாங்குகிறவர் சொன்ன விலையைவிடச் சாகடிக்கிற செலவு கூட. "சும்மா குடுக்கிறதை விட்டிட்டு, காசு குடுத்துக் கொல்லப் போறீங்களோ?" என்று கேட்டேன். "இருக்கேக்கையும் செலவு வைச்சாள், போகேக்கையும் வைக்கிறாள்" என்று சொல்லி, அந்த மனிசனைப் பிடித்து நாள் குறித்தீர்கள். அரசாங்கம் தந்த தவணைக்குள் வேலை முடியவேண்டும், இல்லாவிட்டால் பொலிஸ் வந்து எடுத்துவிடும். அதுவே உங்களுக்கு நித்திரையைக் கெடுத்தது. அத்தான் போனதற்கு அழாத நீங்கள், தவணையை நினைத்து மூக்கைச் சிந்தினீர்கள்.

இடையில் அத்தான் செத்த முப்பத்தோராம் நாள் வந்தது. பூசை முடிந்து எல்லோரும் உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் கோயில் பங்கு ஆட்களும் அத்தானின் ஆட்களும். சமையலுக்கு நான்தான் தலைமை. வீட்டிலிருந்து என்னுடைய பெரிய சட்டிகளைக் கொண்டுவந்திருந்தேன். இறைச்சிக்கு இஞ்சி உள்ளி இடிக்கவேண்டும். உங்கள் கையுரல் இருந்தது. அதன் உலக்கையைக் காணவில்லை. மிக்ஸியில் அரைத்தால் அது குழம்பில்லை, சூப். நீங்கள் சாவியைத் தந்து, "மேல போய் மாதாவைக் கவனமாத் தூக்கிக்கொண்டு வா, விறாந்தையில வைச்சுச் செபம் சொல்லுவம்" என்றீர்கள். மாதாவைத் தூக்கினேன். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றி ஓர் இரும்புக் கட்டை. உருண்டை, பாரம், கைக்கு அடக்கம். ஒரு பக்கம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது, மற்றப் பக்கம் நல்ல மட்டம். பரலோகத்திலிருந்து இறங்கின உலக்கை என்றுதான் நினைத்தேன். அந்த அறையில் என்ன பூட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எத்தனை வருடமாக நக்கலடித்த இரும்பு! ஆனால் சமையல் தலையில் ஏறிவிட்டால் எனக்கு என் பெயரும் தெரியாது. சவுக்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, மளமளவென்று இடித்தேன். அத்தானின் தமக்கை இரண்டாம்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. பொழுதுபடச் சட்டிகளைக் கழுவி, என்னுடையதை எல்லாம் அள்ளிக் கட்டிக்கொண்டு எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துவக்குத் திருத்துகிறவர் வருகிற நாளன்று துணைக்கு வந்திருந்தேன். தாடி வைத்த பெரிய மனிசன், சின்னக் குரல். இரும்புப் பெட்டியைத் திறந்து, பதிவு நம்பரைப் பார்த்து, எல்லாம் சரி என்றார். பிறகு உள்ளே ஓடுகிற இரும்பைக் கேட்டார். நீங்கள் மேலே போனீர்கள். வெகுநேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தால், வெறும் மரப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, மாதாவுக்கு முன்னால், பேயறைந்த மாதிரி நிற்கிறீர்கள்.

"காணேல்லையடி."

அந்த மனிசன் படியடியில் நின்று ஏதோ கேட்டார். அது இல்லாமல் வேலை செய்ய ஏலாது, எங்கே போனது என்று அரசாங்கத்துக்குப் பதில் சொல்லவேண்டி வரும் என்கிறார். வீடு நிறைய ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள், பாதிப்பேர் எங்கள் ஆட்கள். தமிழ்ப் பெயரும் துவக்கு என்ற சொல்லும் ஒரே வசனத்தில் வந்தாலே எல்லோரும் காதைக் கூராக்குகிற காலம் அது. "ஆரும் களவெடுத்திருப்பினமோ? ஆரின்ர பேரைச் சொல்லுவன்? இனி பொலிஸ் இதையும் சும்மா விடாது, துவக்கையும் என்னட்ட விடாது" என்று கட்டிலில் இருந்துவிட்டீர்கள்.

"பொறுங்கோ அக்கா, தேடுவம். எப்பிடி இருக்கும் எண்டு அவரைக் கேளுங்கோ" என்றேன்.

நீங்கள் கேட்டீர்கள். அந்த மனிசன் படியேறி வந்து, இரண்டு கையாலும் காற்றில் காட்டினார்: இவ்வளவு நீளம், உருண்டை, பாரம், ஒரு பக்கம் வெட்டு.

அவருடைய இரண்டு கைக்கும் நடுவில் எனக்கு இஞ்சி உள்ளி தெரிந்தது.

"அக்கா."

"என்ன?"

"அது என்ர குசினியில கிடக்கு."

"என்னண்டு?"

"உள்ளி இடிச்சனான்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மாதாவைப் பார்த்தேன். "முப்பத்தோண்டுக்கோ?" என்றீர்கள். "ஓம். பேந்து வீட்டிலயும்" என்றேன். "இவர் நண்டுக்கால் உடைக்க நல்ல சாமான் எண்டு சொன்னவர்." என் மனிசனைச் சொன்னேன்.

அத்தான் போனபிறகு நீங்கள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். கட்டிலில் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணி ஓடச் சிரித்தீர்கள். பிறகு கண்ணால் தண்ணி மட்டும் ஓடியது. நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன். தாடிக்காரர் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், பாவம். நீங்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிரெஞ்சில் விளங்கப்படுத்தினீர்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன்னுடைய வான் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கட்டையைக் கழுவித் துடைத்து ஒரு துவாயில் சுற்றிக் கொடுத்தேன். அவர் மணந்து பார்த்தார். நான் விரலால் இடித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தொழிலில் அவருக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் முன்னர் வாய்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு கிழமைக்குப் பிறகு, தவணைக்குள்ளேயே, உங்களுக்குப் போன் எடுத்தார்: வேலை முடிந்துவிட்டது, உருக்கி ஒட்டியபோது பட்டறை முழுக்க உள்ளி மணம், மத்தியானத்துக்கு முன்னமே எல்லோருக்கும் பசித்துவிட்டது.

துவக்கு திரும்பி வந்த அன்று நீங்கள் அதை என் மடியில் வைத்தீர்கள். "பிடி. இனி அவள் ஒண்டும் செய்யமாட்டாள்." குளிர்ந்த, பாரமான, ஊமை இரும்பு. நீங்கள் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள், என்னை அவசரப்படுத்தவில்லை, தைரியம் சொல்லவில்லை. என் கோப்பை ஆறும்வரை வைத்திருந்தேன். அக்கா, எனக்கு நீங்கள் செய்தது ஆயிரம். குடியுரிமைச் சோதனைக்குத் துணைக்கு வந்தீர்கள், என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் இரவு வேலை முடித்து நேரே வந்தீர்கள். ஆனால் ஒன்றுதான் சொல்லலாம் என்றால் அந்தத் தேத்தண்ணியைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு நான் மேசைக்குக் கீழே போகவில்லை. இப்போது தெருவில் ஏதும் வெடித்தால் யன்னலால் எட்டிப் பார்த்து, அவனைத் திட்டுகிறேன்.

அன்று பின்னேரம் நீங்கள் செபம் சொல்ல மேலே போனீர்கள். அந்தக் கதவுக்கு இனிப் பூட்டே இல்லை. ஆனாலும் கதவுக்கு முன்னால் நின்று, வலது கையை நீட்டினீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றீர்கள். பிறகு அதே கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனீர்கள். நான் படியில் நின்று கண்டேன். இதையும் உங்களுக்கு அப்போது சொல்லவில்லை.

சக்களத்தி விறாந்தைச் சுவரில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் தூசு துடைத்தீர்கள், திட்டிக்கொண்டே. "பார், எப்பிடித் தொங்குறாள் எண்டு. ஒரு கோப்பை கழுவினவளோ?" நல்ல சுகமான திட்டு. எனக்கு அது பாட்டு மாதிரி.

போன வருடம் நீங்களும் போய்விட்டீர்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் என் காதுக்குள் சொன்னீர்கள்: "வீட்டை அத்தான்ர தமக்கையின்ர பிள்ளையள் பார்ப்பினம். அவளை நீ கொண்டுபோ. திட்ட ஆள் வேணும்." சுடுகிற துவக்காக இருந்திருந்தால் யாருக்கும் எழுதி வைத்திருக்க ஏலாது. செத்த துவக்காக இருந்ததால் உங்கள் கையிலிருந்து என் கைக்கு வந்தது. நீங்கள் ஏன் அவ்வளவு செலவழித்துக் கொன்றீர்கள் என்று அன்றைக்கு நக்கலடித்தவள், இன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மகள் காரில் கொண்டுவந்தாள், போர்வையால் சுற்றி, இது துவக்கு இல்லை என்ற கடதாசியை மேலே வைத்து. அந்தக் கடதாசியை நான் சட்டம் போட்டுப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் கடதாசியை வாசிக்கட்டும்.

என்னிடம் மிச்சம் இருப்பது இதெல்லாம்தான். ஞாயிற்றுக்கிழமைத் துணி. மெதுவாகத் திட்டுகிற பழக்கம், அது இன்னும் முழுக்க வரவில்லை. பயப்படுகிறவளுக்குப் பக்கத்தில் இருந்து ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கலாம் என்ற அறிவு. அதை வேலையிடத்தில் புதிதாக வந்த ஒரு பிள்ளைக்குச் செய்து பார்த்தேன், பலிக்கிறது. நன்றி அக்கா. எழுதினால் சின்னச் சொல்லாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

இன்னொரு புதினமும் சொல்ல இருக்கிறது. மகளுக்குக் கலியாணம். அவளே பார்த்த பெடியன், நல்ல பிள்ளை. ஆனாலும் முறைக்காகத் தாயும் தகப்பனும் போன சனிக்கிழமை வந்தார்கள். சோபாவில் இருத்தி, முன்னுக்கு வடைத் தட்டை வைத்தேன். தகப்பன் தொண்டையைச் செருமி, "நாங்கள் ஒண்டும் கேக்கேல்ல. ஆனா எங்கட பக்கத்தில வழக்கமா..." என்று தொடங்கினார். அந்த நேரம் என் மனிசன் அடித்த ஆணி கழன்று, சக்களத்தி சுவரால் வழுகி, அவருடைய தோளைத் தாண்டி, குழல் அவர் பக்கம் பார்க்க வடைத் தட்டில் வந்து படுத்தாள். நான் அது துவக்கு இல்லை என்ற கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கமும் வாசித்தார். கலியாணம் ஆவணியில். வழக்கமாக என்ன என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை. வடையில் இரண்டு நசிந்துவிட்டது. மிச்சத்தைச் சாப்பிட்டார்கள்.